பந்தயக் கோணம் ஊர் ரோட்டுக்கு எதற்கு?

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டப் போகும் பிள்ளைகள், முன்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி அலைன்மென்ட் செய்துகொள்கிறார்கள். அதில் தப்பில்லை. வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். இந்தக் கோணம் இருந்தால்தான் அப்போது டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பிடிக்கும். இரண்டு, மூன்று டிகிரிகூட அங்கே நியாயம்.

அதே கோணத்தோடு தினமும் புதுச்சேரித் தெருக்களில் ஓட்டுவது என்ன நியாயம், ஐயா? நேர் ரோட்டில் பாரம் உள்விளிம்பில் விழும். உள்ளே நூல் தெரியும், வெளியே டயர் புதிதாகத் தோன்றும். சக்கரங்களின் முன்பக்கத்தை வெளிநோக்கி விரித்தும் வைக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்கு ‘உவெர்த்யூர்’, திறப்பு என்று பெயர். வளைவில் சட்டென்று திரும்பும், நேரில் அலைபாயும்.

திரும்ப மாற்றினால் செலவாம்! பந்தய டயருக்குப் பணம் உண்டு, இதற்கு இல்லையா? மழையில் அந்தத் தேய்ந்த டயர் வழுக்கினால், எதிரே சைக்கிளில் வருபவர் என்ன பாவம் செய்தார்?

போகும் முன் பழைய அளவுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வந்ததும் அதன்படி மாற்றுங்கள். பேரன் கார் வைத்திருந்தால், சக்கரத்தை முழுக்கத் திருப்பச் சொல்லி உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் சாவியை வாங்கி வையுங்கள்.