கட்டபொம்மனா, கணேசனா?

வரலாற்றுப் பாடவேளையிலே ஒரு மாணவனை எழுப்பி, "கட்டபொம்மன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டுப் பாருங்கள். மீசையை முறுக்குவான், மார்பை நிமிர்த்துவான், வெள்ளையனுக்கு வரி எதற்கு என்று முழங்குவான். அவன் காட்டுவது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரனையா? 1959ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு எடுத்த படத்தில் தோன்றிய சிவாஜி கணேசனை! அவன் நாவிலே நடமிடுவது சக்தி கிருஷ்ணசாமி தீட்டிய உரையாடல்!

மாணவன் மீது நமக்குச் சினமில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்ட வீரனை, நூற்றறுபது ஆண்டுகட்குப் பின்னர், ஏடறியா ஏழையின் குடிசைக்கும் கொண்டு சேர்த்தது அந்தப் படம். வகுப்பறையிலே அதனைக் காட்டுவதையும் வரவேற்கிறோம். 1952இல் பராசக்தி நாட்டிலே எழுப்பிய அதிர்ச்சியை அறிந்தவர்கள் நாம். திரையின் வலிமையை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலிமையை அறிந்ததனாலேயே எச்சரிக்கிறோம்: படத்தை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, 'பாடம் முடிந்தது' என்று மணியடிப்பது கல்வியன்று, கண்கட்டு வித்தை!

இராமநாதபுரக் காட்சியை எடுத்துக்கொள்வோம். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் ஆட்சியர் ஜாக்சனைச் சந்திக்கிறான். திரையிலே அவன் வரியே தரமாட்டேன் என்று இடியென முழங்குகிறான், கொட்டகை அதிர்கிறது. நம் பள்ளிப் பாடநூல் கூறுவதென்ன? 3,310 பகோடா நிலுவையிலே பெரும்பகுதியைச் செலுத்திவிட்டு, 1,080 பகோடா மட்டுமே எஞ்சியிருந்த நிலையில்தான் அவன் ஜாக்சன் முன் நின்றான் என்கிறது. ஒரே வகுப்பறை, இரண்டு கட்டபொம்மன்கள்! எவன் மெய்?

"ஐயையோ, இதைச் சொன்னால் வீரனின் புகழ் மங்குமே!" என்று பதறுவோர் உண்டு. மங்காது, நண்பர்களே! பெரும்பகுதியைக் கட்டிய பின்னரும் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டான். மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டான். கைது செய்யவும் முயன்றனர். கைகலப்பிலே லெப்டினென்ட் கிளார்க் மாண்டான். பின்னர் கும்பினியே விசாரணைக் குழு அமைத்தது; ஜாக்சன் பதவியிழந்தான். கும்பினியின் கொடுமையை இதைவிடத் தெளிவாக எந்த வசனம் காட்டும்? பொய்யின் முட்டுக்கொடுத்தால்தான் நிற்பான் என்று எண்ணுவதே அந்த வீரனுக்கு இழைக்கும் இழிவு!

இன்னொன்று. 'எட்டப்பன்' என்றால் காட்டிக் கொடுப்பவன் என்று பொருளாகிவிட்டது நாட்டிலே. எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினிக்குத் துணைநின்றது உண்மை. ஆனால் காட்டிலே மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான்! அவர் பெயர் வசையாகவில்லை. எட்டப்பன் பெயர் மட்டும் ஆயிற்று. எட்டயபுரத்துச் சிறுவன் ஒருவன், தன் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வகுப்பு நகைக்க, தலைகுனிந்து அமர்ந்திருந்தால், அவனுக்கு நீதி வழங்குவது யார்? படமா? ஆசிரியரல்லவா!

"சினிமாதானே, இதிலே என்ன கெட்டுவிடும்?" என்போர் அமெரிக்க நாட்டைப் பார்க்கட்டும். 1915இல் அங்கே கிரிஃபித் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படத்தை எடுத்தார். முகத்திலே கரி பூசிய வெள்ளை நடிகர்களைக் கொண்டு கறுப்பரை வெறியராகக் காட்டினார். கூ கிளக்ஸ் கிளான் கொலைகாரரை மீட்பராகக் காட்டினார். அதே ஆண்டு ஜார்ஜியாவிலே, மடிந்துகிடந்த அக்கூட்டம் மீண்டும் உயிர்பெற்றது. வரலாறென்று நம்பப்பட்ட ஒரு படம் சிந்தவைத்த இரத்தம் கொஞ்சமா?

ஆகவே சொல்கிறோம்: படத்தைக் காட்டுக! மூன்று மணி நேரம் வேண்டாம்; ஒரு காட்சி போதும். பக்கத்திலேயே ஆவணத்தை வைத்திடுக! பின்னர் மாணவனைக் கேட்கவிடுக! இதை எழுதியவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டுகள் கழித்து? எந்த ஆதாரத்தைக் கொண்டு? எவரைப் பெரிதாக்கினர், எவரை மறைத்தனர்? கிஸ்தி கட்டக் கதிரறுத்த உழவன் எங்கே? அவன் மனைவி எங்கே? 1799ஐப் பற்றி ஐயத்துடன் படிக்கப்படும் அதே படம், 1959இன் தமிழர் எதை விரும்பினர் என்பதற்கு மெய்யான சான்றாகவும் மாறும்.

இந்தக் கேள்விகளை நமக்கு உகந்த படங்களிடமும் கேட்க வேண்டும். நம் கைதட்டலைப் பெற்ற வசனங்களிடமும் கேட்க வேண்டும். புராணத்தை மட்டும் உரைகல்லில் தேய்த்து, நமக்குப் பிடித்த கதையைத் தேய்க்காமல் பூட்டி வைப்பவன் பகுத்தறிவாளனல்லன். வேறொரு கோவிலின் பூசாரி!

கொட்டகையிலே கைதட்டட்டும் இளைஞர், தடுக்கமாட்டோம். வகுப்பறையிலே கை உயரட்டும், கேள்வி கேட்க!