வெங்காயத் தோலில் கலர்: திருப்பூருக்கு கைகொடுக்குமா?

வெங்காயத் தோல், மாதுளம்பழத் தோல், மார்க்கெட்டில் விற்காமல் வாடிய செண்டுமல்லி. இதையெல்லாம் கொதிக்க வைத்து துணிக்கு கலர் ஏற்றலாம். குப்பைக்குப் போகிற சரக்கு காசாகுது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? "இனி திருப்பூர் முழுக்க இயற்கைச் சாயம்தான்" என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

2011 ஜனவரியை திருப்பூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச்சொல்லி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்ட மாதம் அது. நொய்யல் ஆறு நாறிப்போனதுதான் காரணம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்குகிற குட்டையாகிவிட்டது. 'அணையில் தண்ணியே தேக்காதீங்க' என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை. மறுபக்கம், பட்டறை மூடியதால் வேலை போன தொழிலாளி குடும்பங்கள் திண்டாடின. இரண்டு பக்கமும் அடி வாங்கியது ஏழைகள்தான்.

உப்புதான் வில்லன்

ஆற்றைக் கெடுத்தது கலர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உப்புதான் பெரிய வில்லன். பருத்தித் துணியில் ரசாயனச் சாயம் பிடிக்க வேண்டுமானால் உப்பைக் கொட்ட வேண்டும். அழுத்தமான கலர் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரை கிலோ வரைகூட போகும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணியோடு வந்துவிடும். இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணியைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிற கலவை உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான்.

தோல் சாயத்துக்கு இந்த உப்பு வேண்டாம். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணியில் ஊறப்போடுவார்கள். பிறகு படிகாரத் தண்ணி. அதற்குப் பிறகுதான் சாயம். இந்த இரண்டும் இல்லாமல் நேரடியாக முக்கினால் நாலு சலவையில் வெளுத்துவிடும். வெங்காயத் தோலில் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம், செண்டுமல்லியில் நல்ல மஞ்சள். மாதுளைத் தோலும் மஞ்சள்தான், இரும்புத் தண்ணி சேர்த்தால் கருஞ்சாம்பலாக மாறும்.

சிக்கல் எங்கே?

ரசாயனச் சாயம் ஒரு கிலோ துணிக்கு 20, 30 கிராம் போதும். வெங்காயத் தோல் ஏறக்குறைய துணி எடைக்கே வேண்டும். ஒரு டன் துணிக்கு ஒரு டன் தோல்! காற்றில் பறக்கிற சருகு அது. எத்தனை லாரி வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். கொதிக்க வைக்க விறகு தனி. நீலம் எந்தக் குப்பையிலும் கிடைக்காது, அதற்கு அவுரியைப் பயிர் செய்தே ஆக வேண்டும். பத்தாயிரம் பனியனும் ஒரே கலரில் கேட்கிற வெளிநாட்டுக்காரனுக்கு, சட்டிக்கு சட்டி கலர் மாறுகிற இந்தச் சரக்கு ஒத்துவராது.

அப்போ யாருக்கு லாபம்? கைத்தறிக்கு. கர்நாடகாவில் ஷிமோகா மாவட்டம் ஹெக்கோடு பக்கம் 'சரகா' என்ற பெண்கள் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் பாக்கு வேகவைத்த சாற்றைக்கூட விடாமல் சாயமாக்கி, கைத்தறித் துணி விற்கிறார்கள். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம் நெய்கிறவர்களுக்கு இது தோதான வழி. சின்ன அளவு, கொஞ்சம் கூடுதல் விலை. கலர் லேசாக மாறினால், அதையே கைவேலை அடையாளம் என்று விற்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'இயற்கை' என்று லேபிள் ஒட்டிக்கொண்டு, கலர் நிற்க குரோமியம் உப்பு கலந்தால் பழைய கதைதான், ஆறு மறுபடி கெடும். படிகாரத் தண்ணியைக்கூட அப்படியே வாய்க்காலில் விடக்கூடாது.

சரி, தோலை யார் சேர்ப்பது? மண்டியில் வெங்காயம் பொறுக்கி, தோலைக் கூட்டித் தள்ளுகிறவர்கள் கூலிப் பெண்கள்தான். ஈரம் படாமல் காயவைத்து மூட்டை கட்டிக் கொடுத்தால் மூட்டைக்கு என்ன கூலி? பட்டறை போடுகிறவர்களும் கூட்டுறவு சங்கங்களும் அதை முதலில் பேசி முடிக்கட்டும்.