ஒரு சென்ட் இடித்தால்

கூடையில் மூன்று பொருள் இருந்தால் மூன்றையும் தனித்தனி ஐட்டமாகப் பேமென்ட் கேட்வேக்கு அனுப்பலாம். கூட்டுத்தொகையை மட்டும் ஒரே ஐட்டமாகவும் அனுப்பலாம். அவசரத்தில் இரண்டாவதைச் செய்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அப்படிச் செய்தால், வாங்கியவர் ஒரு பொருளைத் திருப்பி அனுப்பும்போதோ வங்கியில் தகராறு எழுப்பும்போதோ, எதற்கு எவ்வளவு வாங்கினோம் என்று காட்ட கேட்வேயின் பதிவில் ஒன்றும் இருக்காது.

பேபாலின் பழைய படிவ முறையை எடுத்துக்கொள்வோம். ஐட்டம்_நேம்_1, அமவுன்ட்_1, குவான்டிட்டி_1 என்று ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட வேண்டும். எண் 1-இல் தொடங்கி, இடையில் விடாமல் போக வேண்டும். நம் அரேயோ பூஜ்யத்தில் தொடங்கும். வாங்குபவர் நடுவில் ஒன்றை நீக்கினால் ஓட்டையும் விழும். அனுப்பும் லூப்பில் தனியாக ஒரு எண்ணியை வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராத தொல்லை கணக்கில் இருக்கிறது. பேபாலின் இன்றைய ஆர்டர்ஸ் ஏபிஐ, ஐட்டங்களின் கூட்டுத்தொகையும் நாம் சொல்லும் மொத்தமும் பொருந்தாவிட்டால் ஆர்டரையே ஏற்காது. 10.25 டாலர் பொருள் மூன்று, விற்பனை வரி 6% என்று வையுங்கள். ஒன்றுக்கு வரி 0.615, முழுமையாக்கினால் 0.62, மூன்றுக்கு 1.86. மொத்தம் 30.75-க்கு ஒரேயடியாகப் போட்டால் 1.845, அதாவது 1.85. இரண்டுமே சரியான கணக்குதான்; ஆனால் ஒரு சென்ட் இடிக்கிறது, பணம் நிற்கிறது. (இந்தப் பிழை சோதனையில் சிக்காது. சோதனைக்கு நாம் போடும் விலை எப்போதும் 100 அல்லவா!)

ஆகவே முழுமையாக்குவதை ஐட்டம் அளவிலேயே முடித்துவிட்டு, அவற்றைக் கூட்டியே மொத்தத்தை எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. தள்ளுபடியை ஐட்டங்களுக்குப் பிரிக்கும்போதும் அப்படித்தான்: 100 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் 33.33, 33.33, 33.34. கணக்கு முழுவதும் பைசாவில், முழு எண்ணாகவே நடக்கட்டும். ரேஸர்பேயும் ஸ்ட்ரைப்பும் தொகையை அப்படித்தான் கேட்கின்றன. பிஎச்பியில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கி அப்படியே முழு எண்ணாக்கினால் 1998 வரும். ஒரு பைசா அங்கேயே போய்விட்டது.

விலையை பிரவுசரிலிருந்து வாங்காதீர்கள். படிவத்தில் விலையை வைக்கும் மறைவான புலம் (hidden field) என்பது பெயருக்குத்தான். யாரும் திறந்து மாற்றலாம். பொருளின் ஐடியும் எண்ணிக்கையும் மட்டும் அங்கிருந்து வரட்டும், விலை செர்வரில் இருக்கட்டும். பணம் வந்ததும் கேட்வே நம் செர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக்கின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதில் வரும் தொகையையும் நாணயத்தையும் நம் ஆர்டரோடு ஒப்பிட்ட பிறகே சரக்கை அனுப்புங்கள். 'நன்றி' பக்கம் திறந்ததை ரசீதாகக் கொள்ள முடியாது. பணம் கட்டியவர் அந்தப் பக்கத்துக்கு வராமலே போனை மூடிவிடுவதும் உண்டு.