வீட்டுக்காணியும் பசுமைக்காணியும்: முசலி தரும் பாடம்

புதிய வீட்டுத்திட்டம் வரும்போது அங்கு குடியேறுவோருக்கான பூங்காவை யார் தருவது, அதைக் காணியாகத் தருவதா காசாகக் கட்டுவதா என்பது உலகெங்கும் நகர சபைகளில் நடக்கும் விவாதம். மன்னார் மாவட்டத்தில் இதே கேள்வி வேறு வடிவில் நீதிமன்றம் வரை சென்றது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் ஊரை விட்டுச் சென்றனர். பெரும்பாலானோருக்குப் புத்தளமே புகலிடமானது. போர் முடிந்து 2009க்குப் பின் திரும்பியபோது கைவிடப்பட்ட காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரிலும் 2017 மார்ச்சிலும் வெளியான வர்த்தமானிகள் இப்பகுதியின் பெரும் பரப்பை வனமாகப் பிரகடனம் செய்தன. இவை வில்பத்து தேசிய பூங்காவின் எல்லைக்கு வடக்கே உள்ள இடங்கள்.

சுற்றாடல் நீதிக்கான மையம் தொடர்ந்த வழக்கில், 2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லாறு வனப்பகுதியில் மீள்குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டவிரோதம். அதற்குச் சமமான பரப்பில் மரம் நடவேண்டும். அந்தச் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்கவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். பாதிப்பை ஏற்படுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு இதன் அடிப்படை.

அந்தக் கோட்பாட்டை நாம் மறுக்கத் தேவையில்லை. காடும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆனால் தீர்ப்பின்படி மரங்களை எந்தப் பகுதியிலும் நடலாம். காட்டின் இழப்புக்கு இது ஈடாகலாம். மீளக்குடியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு விளையாட ஒரு திடலை இது தராது. அதைத் தரவேண்டியது திட்டமிடல் சட்டமும் உள்ளூராட்சி சபைகளும்தான்.

சட்டம் இல்லாமலில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது, வீதிகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்குமாறு கூறின. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகளும் இதே 10 வீதத்தையே கேட்கின்றன. அங்கு 3,000 முதல் 10,000 சதுர மீற்றர் வரையான மனைகளுக்கு, காணிக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். அதற்கு மேற்பட்டால் காணியையே கொடுக்கவேண்டும்.

இந்த வேறுபாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. சிறிய மனையில் 10 வீதம் என்பது மூலையில் கிடக்கும் துண்டு. பணமாக வாங்கி ஒன்றுசேர்த்தால்தான் பயன். பெரிய திட்டத்தில் பணம் வாங்கினால், அங்கு வாழ்வோருக்கு வேலி வரை வீடே மிஞ்சும்.

நமது நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வீதிகள் நீங்கலாக 10 ஏக்கர் உள்ள ஒரு திட்டத்தில் 10 வீதம் என்பது ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச். 20 பேர்ச் வீதம் பிரித்தால் எட்டுக் குடும்பங்களின் வீட்டுக்காணி அது. காணியில்லாத மக்கள் வரிசையில் நிற்கும் முசலியில், எட்டு வீட்டை விட்டுப் பூங்கா கேட்பது சுலபமல்ல. வர்த்தமானியால் காணி சுருங்கச் சுருங்க, அழுத்தம் முழுவதும் எஞ்சிய நிலத்தின் மீதே விழுகிறது.

ஆகவே எல்லாத் திட்டங்களையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. இலாபத்துக்காகக் காணி பிரித்து விற்பவரிடம் சபை முழு ஒதுக்கீட்டையும் தயங்காமல் வாங்கவேண்டும். நன்கொடையிலும் அரச உதவியிலும் அமையும் மீள்குடியேற்றக் கிராமத்துக்குத் திறந்தவெளியை அரச காணியிலிருந்து தருவது அரசின் கடமை. அந்தச் சுமையை அகதியாகத் திரும்பியவர் மீது ஏற்றுவது நீதியாகாது.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் மன்னார் நகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இன்று அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு திட்டத்திலும் ஒதுக்கப்பட்ட பொதுக்காணி சபையின் பெயரில் உறுதி எழுதப்பட்டுள்ளதா, அல்லது வரைபடத்தில் பச்சை நிறமாக மட்டும் இருக்கிறதா? பணம் வாங்கினால் அது தனிக் கணக்கில், அதே ஊருக்குச் செலவாகிறதா? வாக்களித்த மக்கள் இவ்விரு கேள்விகளையும் சபை அமர்வுகளில் எழுப்பச் செய்யவேண்டும். உறுதியில்லாத காணியின் கதி என்னவென்பது 1990இல் ஊரை விட்டவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.