ரெப்போ வட்டி குறைஞ்சா இ.எம்.ஐ. குறையும்... ரிட்டயர் ஆனவர்களுக்கு என்ன ஆகும்?

2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, டிசம்பரில் 5.25 சதவீதமாகக் குறைத்தது ரிசர்வ் வங்கி. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு நல்ல செய்தி. ஆனா, ஃபிக்சட் டெபாசிட் வட்டியை நம்பி இருக்கும் பெரியவர்களுக்கு?

ரூ.30 லட்சம் டெபாசிட்டுக்கு 7% வட்டி என்றால் மாதம் ரூ.17,500. அதையே 6 சதவீதத்தில் புதுப்பித்தால் ரூ.15,000தான். மாசம் 2,500 ரூபாய் போச்சு!

சரி, வேற வழி?

60 வயது நிரம்பியவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. ரெப்போ குறைந்தபோதும், 2025 முழுக்க இதன் வட்டி 8.2 சதவீதமாகவே நீடித்தது. அதிகபட்சம் ரூ.30 லட்சம் போடலாம். 8.2% கணக்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.61,500 வரும். கணக்கு தொடங்கும்போது உள்ள வட்டி 5 ஆண்டுகளுக்கு மாறாது. வருமான வரி உண்டு.

ஆனா வட்டிதான் மாறாது, விலைவாசி மாறும். ஆண்டுக்கு 6% விலை ஏறினால், இன்று 20,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 12 வருஷத்தில் 40,000 ரூபாய் வேணும். அதனால, வர்ற வட்டி மொத்தத்தையும் செலவழிக்காமல், ஒரு பகுதியை மறுபடியும் சேமிப்பில் போடுங்க. 60 வயசுல எடுத்து வைப்பதுதான் 72 வயசுல கைகொடுக்கும்.