சாவியை மாற்றவேண்டியவர் யார்?

2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களின் பிராட்பேண்ட் மோடங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை செயலிழந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. எம்டிஎன்எல் அப்போது சேவை தந்த நகரங்கள் தில்லியும் மும்பையும் மட்டுமே. ஆகவே, தாராவியின் தோல் பட்டறைக்கும் மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளுக்கும் இது அயலாரின் செய்தியன்று.

மோடமும் ரவுட்டரும் சிறு கணினிகளே. அவற்றினுள்ளும் ஓர் இயங்குதளம், பெரும்பாலும் லினக்ஸ், இயங்குகிறது. மேசைக் கணினி தன் மென்பொருளைப் புதுப்பிக்கும்படி அடிக்கடி நினைவூட்டும். மூலையில் பச்சை விளக்கோடு கிடக்கும் இந்தப் பெட்டியோ, பொருத்திய நாளின் ஓட்டைகளோடு ஆண்டுக்கணக்கில் வாய்திறவாமல் உழைக்கும். பிரிக்கர்பாட் என்னும் அந்த நச்சுநிரல் பூட்டை உடைக்கவில்லை. ஆலையில் வைத்த ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லே பல மோடங்களில் மாற்றப்படாமல் இருந்தது. அதைக் கொண்டே உள்ளே புகுந்து நினைவகத்தை அழித்தது. 2016இல் மிராய் என்ற நிரல் இத்தகைய கருவிகளை லட்சக்கணக்கில் அடிமைப்படுத்தியிருந்தது. அதுபோல் இன்னொன்று கைப்பற்றுமுன் அழித்துவிடுவதே தம் நோக்கம் என்றார் பிரிக்கர்பாட்டைப் படைத்ததாக உரிமை கோரிய பெயர் மறைத்தவர். நோயாளியைக் கொன்று நோயைத் தீர்க்கும் வைத்தியம்!

தாக்குதலுக்குப் பின் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது ஓர் அறிவுரை: கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரே சாவியை வைத்து விற்றவரையும், அதை ஏற்று வாங்கியவரையும் விட்டுவிட்டு, பை தைக்கும் தொழிலாளியிடம் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து அமைப்பை மாற்றச் சொல்வது என்ன நியாயம்? வீடு தேடி வந்து மாற்றித் தரும் ஊழியர்களையும் ஒன்றிய அரசு விட்டுவைக்கவில்லை. 2020 ஜனவரி 31 அன்று ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் பிஎஸ்என்எல்லில் 78,000க்கும் மேற்பட்டோரும், எம்டிஎன்எல்லில் 14,000க்கும் மேற்பட்டோரும் வெளியேற்றப்பட்டனர்.

சந்தையைத் தெய்வமாகக் கொண்டாடும் பிரிட்டனே 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் போட்டு, எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொற்களைத் தடை செய்திருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். இங்கே ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தத்திலும், தனியார் நிறுவனங்களுடையதிலும், இவ்விரு நிபந்தனைகளும் இடம்பெற வேண்டும். திருத்தம் நின்றுபோன பழைய பெட்டிகளை நிறுவனங்கள் தம் செலவிலேயே மாற்றித் தர வேண்டும்; அதற்கு வேண்டிய ஊழியர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும்.