உவர் நிலமும் புது நெல்லும்

உப்பளத்தை அடுத்த வயலில் உவர் ஏறினால் கதிர் பதராகும் என்பதை மரக்காணத்துக் குடியானவருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆகவே 2025 மே 4-ஆம் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட ‘பூசா டி.எஸ்.டி. நெல் 1’ அவர்களுக்கு முக்கியமான விஷயமாகும். எம்.டி.யு. 1010 என்னும் ரகத்தைத் திருத்தித் தில்லிப் பூசா விஞ்ஞானிகள் இதனை உண்டாக்கினர்.

முறை யாதெனில், ‘கிரிஸ்பர்’ கருவியிலுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ. இழை குறித்த மரபணுவைத் தேடிப் பொருந்தும். காஸ்-9 என்னும் நொதி அவ்விடத்தை வெட்டும். வெட்டுண்ட இடத்தைச் செல் ஒட்டுகையில் பிழை நேர்ந்து அம்மரபணு செயலற்றுப்போகும். உவர் தாங்கும் சக்தியை அடக்கிவைத்த டி.எஸ்.டி. மரபணு இவ்வாறே முடக்கப்பட்டது. அயல் உயிரின் மரபணு சேர்க்கப்படவில்லை.

இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இத்தகைய பயிர்களுக்கு 2022-இல் கடும் பரிசீலனை விதிகளினின்றும் விலக்களித்த சர்க்கார், சோதனைக் கணக்குகளை முழுமையும் பகிரங்கப்படுத்தக் கடமைப்பட்டதன்றோ? கருவியின் முக்கியக் காப்புரிமைகள் அயல்நாட்டு ஸ்தாபனங்களிடம் உள்ளன; அச்சுமை விதை விலையில் ஏறலாகாது. விதையைச் சேமித்து மறுபடி விதைக்கும் உரிமையும் குறையலாகாது. குழியடிச்சான், களர்ப்பாலை முதலிய நமது ரகங்களுடன் மரக்காணத்து வயலிலேயே இதனை அருகருகே பயிரிட்டுக் காட்டுக. தீர்ப்பைக் குடியானவர் கூறட்டும்.